லேசான துப்பாக்கி வேறு, உதைக்காத துப்பாக்கி வேறு

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களில் உடம்பு ஒல்லியானவர்கள், உயரம் குறைந்தவர்கள், பெண்கள் எல்லோரும் கடையில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே லேசா ஒன்னு காட்டுங்க." கடைக்காரர் ஒற்றைக் குழல் 12 போர் (போர் என்பது குழலின் அளவு) துப்பாக்கி ஒன்றை எடுத்து நீட்டுவார். இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தூக்கினால் சுகமாக இருக்கும், விலையும் குறைவு. அதில் ஐந்து தோட்டா சுட்டுவிட்டு, தோள் கன்றிப்போய், இது நமக்கு ஒத்துவராது என்று விலகியவர்கள் நிறைய பேர். குறை அவர்கள் உடம்பில் இல்லை. கேட்ட கேள்வியே தப்பு.

தோட்டா முன்னால் எவ்வளவு வேகத்தோடு தள்ளுகிறதோ, அந்தத் தள்ளு அப்படியே பின்னாலும் வரும். காலி வண்டியைத் தள்ளினால் ஓடும்; நெல் மூட்டை ஏற்றிய வண்டியை அதே பலத்தில் தள்ளினால் அசையும், அவ்வளவுதான். துப்பாக்கியும் அப்படியே. 24 கிராம் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள்) உள்ள 12 போர் தோட்டா, வினாடிக்கு 400 மீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 3.2 கிலோ துப்பாக்கியில் தோளுக்கு வரும் உதை சுமார் 20 ஜூல். அதே தோட்டாவை 2.5 கிலோ துப்பாக்கியில் போட்டால் 26 ஜூல். 700 கிராம் மிச்சம் பிடித்ததற்கு உதை கால்பங்குக்கு மேல் கூடிவிட்டது.

இப்போது தோட்டாவை மாற்றிப் பாருங்கள். அதே 3.2 கிலோ துப்பாக்கி, அதே வேகம், ரவை மட்டும் 36 கிராம். உதை 43 ஜூலைத் தாண்டும், இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, உதையைக் குறைக்க நினைப்பவர் கை வைக்க வேண்டிய முதல் இடம் தோட்டா. துப்பாக்கியின் எடை இரண்டாவது. பறக்கும் தட்டைச் சுடும் ஒலிம்பிக் டிராப் போட்டியிலேயே 24 கிராம் ரவைதான் விதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்ட நம்ம பிரித்விராஜ் தொண்டைமானும் அந்த 24 கிராமில்தான் சுட்டார். புதிதாகப் பழகுகிறவருக்கு அதற்கு மேல் எதற்கு? காட்டுத்தனமான 'ஹெவி லோடு' தோட்டாவை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். எல்.ஜி., எஸ்.ஜி. போன்ற பெரிய ரவைத் தோட்டாக்களும் பழகுவதற்கானவை அல்ல.

"அப்போ 20 போர் வாங்கலாமா?" இந்த யோசனையை எல்லோரும் சொல்வார்கள், வெளிநாட்டுக் காணொளிகளிலும் அதுதான் ஓடும். 12 போரின் குழல் விட்டம் 18.5 மி.மீ., 20 போருக்கு 15.6 மி.மீ. குழல் சின்னது என்பதால் உதையும் சின்னது என்று மனசு சொல்லும். ஆனால் 20 போரிலும் வழக்கமான ரவை அதே 24 கிராம்தான். துப்பாக்கியோ 2.7 கிலோதான் இருக்கும். மேலே போட்ட கணக்கையே போட்டால், 24 கிராம் சுடும் கனமான 12 போரைவிட 20 போர்தான் அதிகம் உதைக்கிறது. 20 போருக்கு நல்ல இடம் ஒன்று உண்டு: கை நிஜமாகவே சின்னது, மூன்று கிலோவை அரை நிமிடம் தூக்கிப் பிடிக்க முடியவில்லை என்றால் அது சரி, அதுவும் 21 கிராம் தோட்டா கிடைத்தால். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எந்தக் கடைக்குப் போனாலும் 12 போர் தோட்டா இருக்கும். 20 போருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. துப்பாக்கியை முன்பதிவு செய்யும் முன்பு தோட்டா எங்கே, எத்தனை கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

20 போரைவிடவும் சின்னக் குழல் உள்ள .410 பற்றி ஒரு வரி. உதை ரொம்பக் குறைவு, உண்மை. ஆனால் ரவை 11 முதல் 14 கிராம்தான். பறக்கும் தட்டில் படுவதற்கு அனுபவசாலியே திணறுவார். புதியவர் பத்துக்கு ஒன்பது தவறவிட்டுச் சோர்ந்துபோவார்.

20 போர் வாங்கினாலும் சரி, வீட்டில் 12 போரும் இருந்தால் ஒரு விஷயத்தில் விளையாட்டே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கி உள்ளே போய், தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால் இருக்கும் குறுகலில் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதற்குப் பின்னால் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்கை விரல்கள் போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். ஒரே பையில், ஒரே சட்டைப் பையில் இரண்டையும் கலக்கவே கூடாது.

சரி, எடை எவ்வளவு இருக்கலாம்? 50 கிலோ எடை, ஐந்தடிக்குச் சற்று மேல் உயரம் உள்ளவருக்கு 3 முதல் 3.3 கிலோ வரை என்பது என் கணக்கு. மொத்த எடையைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். துப்பாக்கி திறக்கும் கீல் இருக்கிறதே, அதற்கு நேர் கீழே ஒரு விரலை வைத்துத் தூக்குங்கள். சமமாக நின்றால் நல்லது, கட்டைப் பக்கம் (தோளில் பதியும் மரப்பகுதி) லேசாகச் சாய்ந்தாலும் நல்லது. குழலின் வாய்ப்பக்கம் சாய்ந்தால் சின்ன உடம்புக்கு ஆகாது. 32 அங்குலக் குழல் போட்டி வீரர்களுக்கு அழகு. புதியவருக்கு 28 அங்குலம் போதும். பிறகு (காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு) தோளில் வைத்து, சுவர் மூலையைக் குறிபார்த்து முப்பது எண்ணுங்கள். இருபதுக்குள் முதுகு பின்னால் வளைந்து வயிறு முன்னால் தள்ளினால், ஒன்று முன்பக்கம் கனம், அல்லது கட்டை நீளம். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கட்டையின் நீளத்தில்தான் நிஜமான பிரச்சினை இருக்கிறது. விசையிலிருந்து கட்டையின் கடைசி நடுப்பகுதி வரை உள்ள அளவு, கடையில் வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 14¼ முதல் 14½ அங்குலம். ஐந்தே முக்கால் அடி ஆணுக்கு அளவெடுத்த சட்டை அது. குட்டையானவருக்கு 13 அங்குலம், சிலருக்கு அதற்கும் கீழே. சரியாக இருந்தால், தோளில் வைத்து கன்னத்தைக் கட்டையில் பதித்தபோது, மூக்குக்கும் கைப்பிடியில் இருக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கும். முழங்கையை மடக்கி முன்கையில் கட்டையை வைத்து அளக்கும் பழைய முறை சும்மா ஒரு தொடக்கம். அதை நம்பி மரத்தை அறுக்காதீர்கள். இரட்டை விசை உள்ள துப்பாக்கியில் முன் விசையிலிருந்து அளக்க வேண்டும். பின் விசை சுமார் ஓர் அங்குலம் பக்கத்தில் வந்துவிடும்.

குளிர் தேசத்தில் தடித்த கோட்டுக்கு மேல் வைத்துச் சுட அளந்த கட்டையும், சத்துவாச்சாரி வெயிலில் ஒற்றைப் பருத்திச் சட்டையோடு சுடுகிறவருக்கான கட்டையும் ஒன்றாக இருக்க முடியாது. மெல்லிய துணி என்றால் கால் அங்குலம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் உதையைத் தாங்க நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் கட்டையின் கடைசியில் வரும் கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிவிட்டு 20 முதல் 25 மி.மீ. தடிமன் உள்ள நல்ல ரப்பர் பட்டை போடச் சொல்லுங்கள். அதற்குச் சமமாக மரத்தைக் குறைக்காமல் பட்டையை மட்டும் ஒட்டினால் கட்டை ஓர் அங்குலம் வளர்ந்துவிடும். உதையைக் குறைக்கப் போய் நீளத்தைக் கூட்டிய கதை. பட்டையின் மேல்முனையை உருட்டி வழவழப்பாக்க வேண்டும், இல்லையென்றால் துப்பட்டாவிலோ சட்டையிலோ சிக்கித் தோளில் அரைகுறையாக உட்காரும். பெண்களுக்குக் கட்டையின் கீழ்முனை மார்பில் குத்தும்; அந்த முனையைக் கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்பி, அடிப்பக்கம் லேசாகச் சீவினால் சரியாகும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பல பேர் வலியோடு சுடுகிறார்கள்.

கன்னம் படும் மேல்விளிம்பு தாழ்வாக இருந்தால் தலையைத் தூக்கிச் சுடுவார், கன்ன எலும்பில் அறை விழும். இதற்கு மட்டும் மரவேலை வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் தைக்கிறவர்களுக்கா பஞ்சம்? கயிறு கட்டி இறுக்கும் தோல் உறை ஒன்று தைத்து, உள்ளே 3 அல்லது 4 மி.மீ. ரப்பர் துண்டு வைத்தால் மேல்விளிம்பு உயர்ந்துவிடும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஆனால் துப்பாக்கியைத் தோல் கடையில் விட்டுவிட்டு வரக் கூடாது. காகிதத்தில் அச்சு எடுத்துக் கொடுங்கள். மர அறுப்பு வேலை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுக்காரரிடம் மட்டும். கட்டையைக் குறைக்கலாம், தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பது ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவை மீறும் குற்றம். 20 அங்குலத்துக்குக் குறைவான குழல் சாதாரண உரிமத்திலேயே வராது.

எங்கே அடிபடுகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். புஜத்தில் கன்றினால் கட்டை நீளம், தோள்குழிக்கு வராமல் கைப்பக்கம் போய்விட்டது. கட்டைவிரல் மூக்கில் இடித்தால் கட்டை குட்டை. நடுவிரலில் விசைக்காப்பு வெட்டினால் கைப்பிடி தளர்வு. தோள் முழுக்க ஒரே சீராக வலித்தால் அது தோட்டா. இன்றைக்குப் போதும் என்று அர்த்தம்.

எந்த வகை என்று கேட்டால், மேல்கீழ் இரட்டைக் குழலுக்குத்தான் என் ஓட்டு. கனம் இருக்கிறது, ஒற்றை விசை, திறந்து வைத்தால் காலி என்று பத்தடி தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். பக்கவாட்டு இரட்டைக் குழல் சற்று லேசு, உதை சற்றுக் கூட; 24 கிராமில் தாராளமாகப் பழகலாம், நம் ஊரில் கிடைப்பதும் அதுதான். முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் துப்பாக்கியில் அந்தப் பிடி எட்டாமல் சின்ன கை தவிக்கும், கட்டையைத் தோளிலிருந்து எடுத்துத்தான் இழுக்க வேண்டிவரும். வாயுவில் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோ உதையை நீட்டி மெதுவாக்கும், நிஜமாகவே மென்மை. ஆனால் இந்தியாவில் சாதாரண உரிமத்தில் அதற்கு இடமில்லை. வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு அதைத் தேடி அலைய வேண்டாம். லேசான ஒற்றைக் குழல்தான் கையில் இருக்கிறது என்றால், ரப்பர் பட்டையைக் கழற்றி, கட்டைக்குள் இருக்கும் திருகாணித் துளையில் 200 கிராம் ஈய ரவையைத் துணியில் இறுக்கிச் சுற்றி அடையுங்கள். ஆடாமல் இருக்க வேண்டும். உதையும் குறையும், முன்கனமும் குறையும்.

பழைய இங்கிலீஷ், பெல்ஜியத் துப்பாக்கி வீட்டில் பரம்பரையாக வந்திருந்தால், குழலின் அடிப்பக்கத்தில் அறை நீளத்தைப் பாருங்கள்: 2½ அங்குலம் என்றால் 65 மி.மீ., 2¾ என்றால் 70. தோட்டாவில் எழுதியிருக்கும் நீளம் சுட்டு விரிந்த பிறகான நீளம். அதனால் 70 மி.மீ. தோட்டா 65 அறைக்குள் நோகாமல் உட்காரும், மூடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். "பழைய துப்பாக்கி செம உதை" என்று சொல்கிறவர்களில் சிலர் சொல்வது இதைத்தான். குழலில் கோடுகோடாகப் பூவேலை மாதிரி தெரிந்தால் அது டமாஸ்கஸ், இரும்புப் பட்டைகளைச் சுற்றி ஒட்டவைத்துச் செய்த பழைய காலக் குழல். சுவரில் மாட்டுங்கள், இன்றைய தோட்டா போடாதீர்கள்.

உரிமம் 21 வயது நிறைந்தவருக்கு. வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்ததால், அரக்கோணம்காரர் ராணிப்பேட்டை ஆட்சியருக்கும், ஆம்பூர்காரர் திருப்பத்தூர் ஆட்சியருக்கும் விண்ணப்பிக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். அந்தப் பயிற்சியிலேயே இரண்டு மூன்று அளவுத் துப்பாக்கிகளைத் தோளில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் பன்றி, முயல் என்று யோசனை இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். வேட்டைக்கு எந்த உரிமமும் செல்லாது.

முதல் நாள் பத்து தோட்டா, மிஞ்சினால் பதினைந்து. காதுக்குள் நுரை அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும். பாதிப் பேர் உதை என்று நினைத்து மிரள்வது சத்தத்துக்கு. முன்காலில் பாதிக்கு மேல் எடை, மூக்கு முன்கால் விரலுக்கு நேராக. அடிக்குமே என்று பயந்து கட்டையைத் தோளிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் பிடிப்பார்கள். அந்த அரை அங்குலத்தில் துப்பாக்கி வேகம் பிடித்து வந்து குத்தும். கூட இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் ஒரு டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுக் கொடுக்கட்டும். விசை இழுக்கும்போது வாய்ப்பக்கம் குனிந்தால் மிரட்சி தொடங்கிவிட்டது, அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

மே மாதம் காட்பாடி வெயிலில் பூட்டிய காருக்குள் தோட்டாப் பெட்டியை வைக்காதீர்கள். சூடேறிய மருந்து வேகமாக எரியும், அதே 24 கிராம் மதியம் கூடுதலாக உதைக்கும். நிழலில் ஈரச் சாக்குக்குப் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம். மூடியுள்ள சாதாரணத் தெர்மோகோல் பெட்டி போதும், ஐஸ் இல்லாமல்.