பசவனகுடியில் மூத்த பிள்ளைக்கென்று ஒரு காலை

வீட்டில் கைக்குழந்தை வந்த பிறகு மூத்ததை எங்காவது தனியாகக் கூட்டிப்போக வேண்டும் என்றால், பெங்களூரில் முதலில் வாயில் வருவது மாலும் கப்பன் பார்க்கும்தான். நாலு வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைக்குப் பசவனகுடி இன்னும் தோது. தொட்ட கணபதி (கன்னடத்தில் பெரிய பிள்ளையார்), அவருக்குப் பின்னால் மேட்டில் பெரிய நந்தி, ஒட்டினாற்போல் பியூகிள் ராக் பூங்கா, ஆட்டோ ஏறினால் சில நிமிடத்தில் கவிபுரத்தில் கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயில். எல்லாம் அரை நாளுக்குள் அடங்கும். புதிதாக அண்ணனோ அக்காவோ ஆன பிள்ளைக்கு, முருகனின் அண்ணன் கோயிலிலிருந்து தொடங்குவது பொருத்தமும்கூட.

பிறப்புத் தீட்டு இருக்கும் நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை. பல வீடுகளில் பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் ஆனதும் அப்பா போகலாம்; அம்மாவுக்கு நாற்பது நாள் வரை கணக்கு நீளும். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும், பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எப்படியும் முதல் இரண்டு வாரம் வேண்டாம். அந்த நேரத்தில் வெளியே கிளம்பினால், தன்னை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துகிறார்கள் என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

கிழமை முக்கியம். செவ்வாயும் சங்கடஹர சதுர்த்தியும் கணபதி கோயிலில் கூட்டம். திங்களும் பிரதோஷமும் குகைக் கோயிலில் கூட்டம். புதன் அல்லது வியாழன் பார்த்துப் பள்ளிக்கு லீவு போடுங்கள். யூகேஜி பாடம் ஒரு நாளில் ஓடிவிடாது. கார்த்திகை மாதக் கடைசித் திங்களையொட்டி நடக்கும் கடலெகாய் பரிஷெ என்ற நிலக்கடலைத் திருவிழா பார்க்கக் கொள்ளை அழகு, ஆனால் அந்த நெரிசலில் பிள்ளை கண்ணில் படுவது இடுப்புகள் மட்டும்தான்.

அல்சூர் பக்கமிருந்து மெட்ரோவில் வருபவர்கள் மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறி நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கலாம். ஏழரைக்கு ரயில் பிடித்தால் ஆபீஸ் கூட்டத்துக்கு முன்னால் மெஜஸ்டிக்கைத் தாண்டிவிடலாம். அங்கிருந்து கோயில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடக்க வைக்காமல் ஆட்டோ பிடியுங்கள். காலில் தெம்பு பின்னால் தேவைப்படும்.

தொட்ட கணபதி ஒரே கல்லில் சுமார் 18 அடி உயரம். படியேறத் தேவையில்லாமல் நேரே போய் நிற்கலாம். பெண்ணெ அலங்காரம் என்ற வெண்ணெய்க் காப்பு நடக்கும் நாளாக அமைந்தால் யோகம்: நூறு கிலோவுக்கு மேல் வெண்ணெய் பூசி நிற்பார். அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதுதான் பெரியவர்கள் சறுக்குகிறார்கள். "ஹெசரு? நட்சத்திர?" என்று அர்ச்சகர் கேட்டதும், பழக்கதோஷத்தில் பாப்பாவின் நட்சத்திரம் முதலில் வந்துவிடும். அன்றைக்குச் சங்கல்பம் மூத்த பிள்ளையின் பெயருக்கு மட்டும். பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றையும் ரயிலிலேயே சொல்லிக்கொடுத்து, அங்கே பிள்ளையின் வாயாலேயே சொல்லவிடுங்கள். தட்டும் அதன் கையில் இருக்கட்டும். "தம்பிக்காக என்ன வேண்டிக்கிட்டே?" என்ற கேள்வியை யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே நந்தி சுமார் 15 அடி உயரம், 20 அடி நீளம், எண்ணெய் தடவித் தடவிக் கன்னங்கரேல் என்று இருக்கும். கடலைக் காட்டை மேய்ந்த காளையை விவசாயி தடியால் அடித்தான், அது கல்லாகி வளர்ந்துகொண்டே போனது, நெற்றியில் சூலம் வைத்ததும் நின்றது என்பது தலபுராணம். கதையைச் சொல்லிச் சூலத்தைத் தேடச் சொன்னால் பிரகாரத்தை அலுக்காமல் சுற்றும். வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் வெளிக்கல் சுடும். பையில் ஒரு ஜோடி பழைய சாக்ஸ் இருக்கட்டும். பிறகு பியூகிள் ராக்கில் அரைமணி நேரம் பாறை ஏறட்டும், மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைப் பார்க்கட்டும். போனை வெளியே எடுத்து "பாப்பா எழுந்துட்டாளா?" என்று விசாரிக்காமலிருப்பதுதான் இங்கே கஷ்டம்.

கவிபுரம் குகைக்குப் பத்தரைக்குள் போய்விட வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மகர சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின்மேல் விழும் கோயில் இது. முற்றத்தில் சூரிய பானா, சந்திர பானா என்ற பிரமாண்டமான கல் வட்டங்கள். உள்ளே இரண்டு தலை, ஏழு கை, மூன்று கால் கொண்ட அக்னி பகவானை எண்ணச் சொல்லுங்கள். தப்பாக எண்ணினால் திருத்த வேண்டாம், அதுவே மறுபடி எண்ணும். சன்னிதியைச் சுற்றும் வழி தாழ்வானது. அப்பா குனிந்து தவழாத குறையாகப் போவார், பிள்ளை நிமிர்ந்து நடக்கும். பாப்பாவுக்காக எல்லாவற்றிலும் குனிந்துபோகச் சொல்லப்பட்ட பிள்ளைக்கு இது பெரிய வெற்றி. முதுகுப்பை பாறையில் உரசி மாட்டும், கையில் பிடியுங்கள். பிள்ளை முன்னால், உங்கள் கை அதன் தோளில். உள்ளே காற்று குறைவு. இருட்டுக்குப் பயந்து அழுதால் வற்புறுத்தாமல் வெளியே வந்துவிடலாம், பிரதட்சிணம் பாக்கி இருந்தால் தோஷமில்லை.

டிபனுக்குக் காந்தி பஜார். 1943லிருந்து நடக்கும் வித்யார்த்தி பவனில் மசால் தோசை பிரசித்தம். வெள்ளிக்கிழமை விடுமுறை, வார இறுதியில் வாசலிலேயே நிற்க வேண்டிவரும். பசி முற்றிய பிள்ளை வரிசையில் நிற்காது, அதனால் பையில் இரண்டு வாழைப்பழம். கோயில் வாசலில் விற்கும் வறுத்த கடலையை நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒரு மணிக்குள் வீடு சேர்ந்தால் மதியத் தூக்கம் கெடாது.

வீடு வந்ததும் கைகால் சோப்பு போட்டுக் கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் பாப்பா பக்கம். பிரசாதத்தை அம்மாவிடம் மூத்ததே கொடுக்கட்டும். ஆசையில் பாப்பாவின் நாக்கிலும் ஒரு சொட்டு தடவப் போகும், அங்கே மட்டும் கண் வேண்டும். தேன் கலந்த பஞ்சாமிர்தம் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது: தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமி பாப்பாவின் குடலில் வளர்ந்து நஞ்சாகும். விபூதியையும் பாப்பாவின் நெற்றியில் தூவ வேண்டாம், தூள் மூக்கில் ஏறும். தொட்டிலுக்கு எட்டத்தில் மடித்து வைத்தால் போதும்.

அம்மாவே கூட்டிப்போக ஆசைப்பட்டால், நாற்பது நாளும் டாக்டரின் சம்மதமும் ஆன பிறகு, ஒரு பாலூட்டலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் தொட்ட கணபதியை மட்டும் பார்த்துத் திரும்பலாம். சிசேரியன் ஆனவர்களுக்குக் குகையில் குனிவது இப்போதைக்கு வேண்டாம். அந்த இரண்டு மணி நேரமும் பாப்பா வீட்டிலேயே இருக்கட்டும். தூக்கிக்கொண்டு போனால், வழியில் பார்க்கிற எல்லோரும் அதைத்தான் கொஞ்சுவார்கள்.