பிளேடா, கேவிட்டியா: அயர்ன் தேடிய நாட்கள்

2025 மார்ச் 2, ஞாயிறு

கோல்ஃபில் என் ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 13-க்கு இறங்கியதிலிருந்து உடன் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் என் அயர்ன்கள், அதாவது இரும்புத் தலை கொண்ட கிளப்கள் மேல் ஒரு கண். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் தடிமன் செட்டையே வச்சிருப்பீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை.

எங்கள் நால்வரில் மூத்தவர் ஆடத் தொடங்கிய நாளிலிருந்தே பிளேடு என்ற மெல்லிய தலை அயர்ன்தான்; என்னுடையது பின்பக்கம் குடைந்த கேவிட்டி. இன்று பயிற்சித் திடலில் தன் 7 அயர்னை உருவி என்னிடம் நீட்டினார். "பிளேடு பொய் சொல்லாது தம்பி. தப்பா அடிச்சா அந்த நிமிஷமே கையில காட்டிக் கொடுத்துடும். ஆட்டம் கத்துக்கணும்னா இதுதான் வழி."

பந்துக்குப் பின்னால் வைத்துக் குனிந்து பார்த்தேன். மேல்விளிம்பு என்னுடையதில் பாதித் தடிமன்கூட இல்லை. பந்தைத் தொடும் முகம் ஷாஃப்டின், அதாவது தடியின் கோட்டிலேயே தொடங்குகிறது. என் கிளப்பில் அது கொஞ்சம் பின்தள்ளி நிற்கும், ஆஃப்செட் என்பார்களே, அது. பின்பக்கத்தில் குழி கிடையாது, திருகு கிடையாது, ஒரே இரும்புப் பாளம். நடுவில் பட்ட அடியைப் பற்றி எழுதினால் அசடு வழியும், விட்டுவிடுகிறேன். அடுத்தது டோ பக்கம், அதாவது தலையின் நுனிப்பக்கம் பட்டது. விரல்களில் தொடங்கி முழங்கை வரை சுரீரென்று ஏறியது.

ஆனாலும் ஆசை வந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அயர்ன் என்றால் பிளேடுதான். 1950 யு.எஸ். ஓபனில் மெரியன் திடலின் 18-வது குழியில் பென் ஹோகன் 1 அயர்ன் அடித்து முடித்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாத கோல்ஃப் ஆட்டக்காரர் குறைவு. அவர் பிளேடைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது. வேறொன்று இருந்தால்தானே தேர்ந்தெடுக்க.

மாற்றியவர் கார்ஸ்டன் சோல்ஹெய்ம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். குழியை நோக்கிப் பந்தை உருட்டும் கிளப்பான பட்டரில் எடையை நடுவிலிருந்து எடுத்து இரு ஓரங்களுக்குத் தள்ளினார், பிங் நிறுவனம் பிறந்தது. அதே யோசனை அயர்னுக்கும் வந்தது. 1982-ல் வந்த பிங் ஐ2 அயர்னைத் தொழில்முறை ஆட்டக்காரர்களும் விரும்பி எடுத்தார்கள். கேவிட்டி என்றாலே கற்றுக்குட்டிகளின் கிளப் என்ற பேச்சு அப்போதே அடிபட்டுப் போயிருக்க வேண்டும். எப்படியோ இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதன் இயக்கம் எளிது. கயிற்றின் மேல் நடப்பவர் நீளக் கம்பு பிடிப்பது எதற்கோ அதற்குத்தான். எடை நடுவை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு அந்தப் பொருளைத் திருப்புவது கடினம். பந்து ஓரத்தில் பட்டாலும் கிளப் முகம் அதிகம் திரும்பாது, வேகமும் அதிகம் போகாது. பின்பக்கம் குடைந்தெடுத்த எடையில் ஒரு பங்கை அடியில் சேர்த்துவிடுவதால் பந்து சுலபமாக மேலேயும் எழும்பும்.

மார்ச் 9, ஞாயிறு

காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயைக் கிளப் முகத்தில் மெல்லிசாக அடித்துவிட்டால், பந்து பட்ட இடம் வட்டமாகப் பதியும். என் 7 அயர்னையும் மூத்தவரின் 7 அயர்னையும் மாற்றி மாற்றி அடித்தேன்.

எந்தக் கிளப் கையில் இருந்தாலும் வட்டங்கள் விழுந்த இடம் ஏறத்தாழ ஒன்றுதான்: நடுவிலிருந்து டோ பக்கம் ஒரு விரல்கடை தள்ளி, கொஞ்சம் கீழே. பிளேடைப் பிடித்தால் கவனம் தானாகக் கூடும், அடி நடுவில் விழும் என்கிறார்களே, என் விஷயத்தில் அந்தக் கவனம் முதல் கூடைப் பந்து தீரும்வரை தாங்கியது.

வித்தியாசம் பந்து விழுந்த இடத்தில் இருக்கிறது. என் கிளப்பில் நடுவில் பட்டால் 152 கெஜம் பறக்கும், டோவில் பட்டால் 145. பிளேடில் நடு அடி 146, அதே டோ அடி 132 பக்கம். அதிலும் சில வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போயின.

பிளேடு பொய் சொல்லாது என்பது வாஸ்தவம். ஆனால் ஸ்பிரேயும் பொய் சொல்வதில்லை. பட்ட இடத்தை அதுவே காட்டிவிடுகிறது, தண்டனையாக 14 கெஜத்தைப் பிடுங்கிக்கொள்ளாமல்.

மார்ச் 12, புதன்

கிளப்பில் பொறித்த எண்ணை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும் என்று சந்தேகம் இருந்தது. லாஃப்ட் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். லாஃப்ட் என்பது கிளப் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்; குறைந்தால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். என் 7 அயர்ன் 29 டிகிரி, பிளேடின் 7 அயர்ன் 34. என் 8 அயர்ன் 33.5. அதாவது அவருடைய 7-க்கு ஜோடி என்னுடைய 8-தான். அடியில் பொறித்திருக்கும் எண் மட்டும் வேறு.

தூரம் அதிகம் போகிறது என்று காட்டுவதற்காக நிறுவனங்கள் லாஃப்டை வருஷத்துக்கு வருஷம் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. எடை கீழே இருப்பதால் லாஃப்ட் குறைந்தாலும் பந்து எழும்பிவிடும், அதனால் வெறும் ஏமாற்று வேலை என்றும் தள்ள முடியாது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது பட்டியலின் கடைசியில். குறுகிய தூர அடிக்கான என் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, அவருடையது 47. கீழே இருக்கும் இடைவெளியை அடைக்க நான் ஒரு வெட்ஜ் கூடுதலாகச் சுமக்கிறேன். பையில் 14 கிளப்புக்கு மேல் விதி விடாது.

மார்ச் 16, ஞாயிறு

பந்து பறக்கும் விதத்தை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் முன்னால் நின்று அடித்துப் பார்த்த நாள். இந்தத் தேடலில் என் எண்ணம் திசை மாறியது இங்கேதான்.

என் 7 அயர்னில் பந்தின் சுழற்சி நிமிடத்துக்கு 5,200 பக்கம், இறங்கும் கோணம் 43 டிகிரி. பிளேடின் 7-ல் 6,600 பக்கம், 47 டிகிரி. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் சராசரி ஏறத்தாழ 7,000 சுழற்சி, 50 டிகிரி. கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) விழுந்த பந்து ஏன் பின்விளிம்பு வரை ஓடிப்போய் நிற்கிறது என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததற்கு விடை இந்தத் திரையில் இருக்கிறது.

உடனே பிளேடுக்குக் கைதட்டத் தோன்றும். ஆனால் என் 8 அயர்னை எடுத்து அடித்தேன், சுழற்சி 6,000-ஐத் தாண்டியது. பிளேடுக்கும் எனக்கும் இருந்த இடைவெளியில் பெரும்பகுதி அந்த ஒரு கிளப் மாற்றத்திலேயே போய்விட்டது. சுழற்சியைப் பெரும்பாலும் தருவது லாஃப்டும், முகத்தில் படும் விதமும். பின்பக்கம் குழி இருக்கிறதா, பாளமாக இருக்கிறதா என்பது பந்துக்குத் தெரியாது.

அப்படியென்றால் எனக்குப் பிளேடில் பிடித்தவை எவை? கூடுதல் லாஃப்ட். ஆஃப்செட் இல்லாத முகம், ஏனென்றால் என் அடி ஏற்கெனவே இடப்பக்கம் வளைகிற அடி, ஆஃப்செட் அதை இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது. புல்லில் சிக்காத சின்னத் தலை. இவற்றில் எதுவும் பிளேடுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்து இல்லை.

மார்ச் 22, சனி

மூத்தவர் மனமிரங்கி முழு செட்டையும் ஒரு ஆட்டத்துக்குக் கொடுத்தார்.

9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ் இரண்டும் அருமை. உயர்ந்த புல்லில் மெல்லிய தலை சரக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. மரக்கிளைக்கு அடியில் தாழ்வாகக் குத்தி அனுப்ப வேண்டிய ஓர் அடி. என் கிளப்பில் அதைச் செய்யப் போனால் பந்து எழும்பியே தீருவேன் என்று அடம்பிடிக்கும். பிளேடு சொன்னபடி கேட்டது.

5 அயர்ன் வேறு கதை. சரியாகப் பட்டாலும் என் வேகத்துக்குப் பந்து போதிய உயரம் போகவில்லை, சப்பையாகப் போய் விழுந்து ஓடியது. ஈரமான இடத்தில் கிளப் பந்தைத் தொடும் முன்பே மண்ணில் பட்டபோது குறுகிய அடிப்பகுதி நேராகத் தோண்டிக்கொண்டு நின்றுவிட்டது. என் கிளப்பின் அகலமான அடியாக இருந்தால் வழுக்கிக்கொண்டு பந்தை ஓரளவாவது முன்னே தள்ளியிருக்கும்.

அப்புறம் அந்த பார் 3, மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குழி. முன்னால் அகலமான பங்கர் (மணல்குழி), தாண்டிப் போக 140 கெஜம். 7 அயர்னில் கொஞ்சம் டோ. கையில் பெரிய அதிர்ச்சிகூட இல்லை, நல்ல அடி என்றே நினைத்துக் கிளப்பைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். பந்து பங்கரின் மேல்சுவரில் போய்ப் பதிந்தது. அன்று விட்ட கிரீன்களில் பெரும்பாலானவை பக்கவாட்டில் போனவை இல்லை, எட்டாமல் முன்னால் விழுந்தவை. திடல் அமைப்பவர்கள் பங்கரையும் குளத்தையும் கிரீனுக்கு முன்னால் வைப்பதை எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதைக் கவனித்தால், எட்டாத அடிதான் ஸ்கோர் கார்டை அதிகம் கெடுப்பது என்று புரியும்.

மார்ச் 26, புதன்

ஃபீல், அதாவது அடிக்கும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வு பற்றி ஒரு குறிப்பு மட்டும். பந்து கிளப் முகத்தோடு ஒட்டியிருப்பது ஏறத்தாழ அரை மில்லி விநாடி. கைக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் பந்து கிளம்பிப் போய்விட்டிருக்கும். நாம் ஃபீல் என்று கொண்டாடுவதில் பெரும்பங்கு சத்தம்தான். காதில் இறுக்கமாகப் பஞ்சை வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தேன், மென்மையான இரும்புக்கும் மற்றதற்கும் இருந்த உயர்வு தாழ்வு வெகுவாகக் குறைந்துவிட்டது. இதை மூத்தவரிடம் சொல்லவில்லை. நட்பு முக்கியம்.

ஏப்ரல் 5, சனி

ஃபிட்டிங், ஆளுக்கேற்ப கிளப்பை அளவெடுக்கும் வேலை. செய்பவர் முதலிலேயே சொன்னார்: "நல்ல அடியைப் பார்த்து செட் வாங்காதீங்க சார். எந்தக் கிளப்புலயும் நல்ல அடி நல்லாத்தான் போகும். உங்க சுமாரான அடி எங்க விழுதுன்னு பார்த்து வாங்குங்க."

பந்தில் மார்க்கரால் செங்குத்தாகக் கோடு போட்டு, அந்தக் கோடு கிளப் முகத்தில் எப்படிப் பதிகிறது என்று பார்த்தார். என் பழைய செட்டில் கோடு சாய்ந்தே பதிந்தது. என் கைக்கு அந்த லை கோணம் (தடி தரையோடு நிற்கும் கோணம்) அதிகம், தடியை ஒட்டிய ஹீல் பக்கம் தரையில் பட்டு டோ மேலே நிற்கிறது. முகம் தானாக இடப்பக்கம் பார்த்துவிடும். பிளேடில் பந்து நேராகப் போனதற்கு என் திறமை மட்டும் காரணம் இல்லை, அதன் லை ஒரு டிகிரி சாய்வாக இருந்ததும்தான். கார்பன் எஃகில் அடித்துச் செய்த தலையை வளைத்து இதைச் சுலபமாகச் சரிசெய்யலாம். கடினமான எஃகில் வார்த்த தலை அவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது.

ஷாஃப்டிலும் விஷயம் இருந்தது. பிளேடில் இருந்தது 130 கிராம், என்னுடையதில் 95. இரண்டுக்கும் நடுவில் 110 கிராமில்தான் பட்ட இடங்கள் ஓரிடத்தில் கூடி நின்றன. தலையைப் பற்றி மட்டும் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம், தடியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

ரோரி மெக்கில்ராய் மாஸ்டர்ஸ் வென்றுவிட்டார், ஜஸ்டின் ரோஸுடன் பிளேஆஃபில். மேஜர் என்கிற நான்கு பெரிய போட்டிகளிலும் ஒருமுறையாவது வென்றவர் இப்போது. 15-வது குழியில் மரங்களைச் சுற்றி வளைத்து அடித்த அந்த 7 அயர்ன் பிளேடுதான். "பார்த்தீங்களா தம்பி?" என்று மூத்தவரிடமிருந்து செய்தி வரத் தாமதமாகவில்லை.

பார்த்தேன். 13-வது குழியில் வெட்ஜ் எடுத்துத் தண்ணீரில் போட்டதையும் பார்த்தேன். அவர் பையில் இருந்ததையும் பார்த்தேன்: 5 முதல் 9 வரை பிளேடு, 4 அயர்ன் மட்டும் உள்ளே குடைந்த வேறு ரகம். அவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறவரே நீள அயர்னில் உதவி வாங்கிக்கொள்கிறார் என்றால் எனக்கென்ன வெட்கம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முடிவு செய்து ஆர்டரும் கொடுத்தாயிற்று. 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை சின்னத் தலை கொண்ட, அடித்துச் செய்த கேவிட்டி. 7 அயர்ன் 33 டிகிரி, ஆஃப்செட் பெயருக்கு. 5 மட்டும் அதே வரிசையின் உள்ளீடற்ற தலை, அடிப்பகுதி அகலம். 4 வாங்கவில்லை, அதற்குப் பதில் அடிக்கச் சுலபமான, பருத்த தலை கொண்ட ஹைப்ரிட் இருக்கிறது. டோ அடிக்கு இதில் 8, 9 கெஜம் குறைகிறது. பழைய செட்டைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அந்த பார் 3-ல் எனக்குப் பங்கரைத் தாண்டிக் கொடுக்கும். ஹேண்டிகேப் 13-ல் இருப்பவர் பிளேடு ஆடக் கூடாது என்று சட்டம் இல்லை. ரசனைக்காக ஆடுகிறவர் தாராளமாக ஆடலாம். ஸ்கோர் குறைய வேண்டும் என்பவர்தான் யோசிக்க வேண்டும், நான் அந்த ரகம்.

மூத்தவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, 7 அயர்ன் உங்ககிட்டயே இருக்கட்டும், வார்ம் அப்புக்கு" என்றார். அதற்கு மறுப்பேதும் இல்லை.

லை ஒரு டிகிரி சாய்வு, ஷாஃப்ட் 110 கிராம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதிய பிட்சிங் வெட்ஜ் 46 டிகிரி என்பதால் 48, 53, 58 என்று இருந்த மூன்றுக்குப் பதில் 51, 56 இரண்டே போதும். பையில் ஓர் இடம் மிச்சம், அதில் நீள அடிக்கான 7 வுட் கிளப்பைப் போடலாமா என்று பார்க்க வேண்டும்.