ஏஎஸ்டி 1 பனிச்சரிவு கோர்ஸ்: போகப்போகிறவர்களுக்கு

கனடாவின் கால்கரிப் பக்கம் ஸ்கீ டூரிங் (லிஃப்ட் இல்லாமல் ஸ்கீயிலேயே மலையேறி இறங்குவது) பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் முடிக்க வேண்டிய கோர்ஸ் ஏஎஸ்டி 1 (அவலாஞ்ச் ஸ்கில்ஸ் ட்ரெய்னிங், அதாவது பனிச்சரிவுப் பயிற்சியின் முதல் நிலை). பாடத்திட்டம் அவலாஞ்ச் கனடா என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு அமைப்புடையது. பெரும்பாலும் ஒரு நாள் வகுப்பு, ஒரு நாள் மலை. பரீட்சை கிடையாது. இரண்டு நாளும் போய் நின்றாலே சான்றிதழ் வந்துவிடும் என்பதால், கற்றோமா இல்லையா என்பது நம் பாடு. போன ஏப்ரலில் கால்கரிக்கு மேற்கே உள்ள கனனாஸ்கிஸ் மலைப்பகுதியில் முடித்தேன்.

வகுப்பில் பெரும்பகுதி சரிவின் கோணம். பெரும்பாலான ஸ்லாப் சரிவுகள் (பனி அடுக்கு பாளமாகப் பெயர்ந்து வருவது) கிளம்புவது 30 முதல் 45 டிகிரிக்குள். ஸ்கீயில் இறங்க ருசியான சரிவும் அதேதான், வம்பே அங்குதான். சத்தம் போட்டால் பனி சரியும் என்று சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள். ஆள் மாட்டும் சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது மாட்டியவரோ கூட வந்தவரோதான்.

தேடல் பயிற்சியில் நான் கோட்டை விட்டேன். பனிக்குள் புதைத்த பையில் ஒரு ட்ரான்ஸ்சீவர், அதாவது புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பவும் வாங்கவும் எல்லோரும் உடம்பில் கட்டும் கருவி. என் கருவி தூரம் 38 மீட்டர் என்று காட்டியதும் ஓடினேன், அது சரி. 3 மீட்டருக்குள் வந்த பிறகும் அதே வேகம், கருவி இடுப்பு உயரத்தில். எண் 1.9, 2.6, 1.7 என்று குதித்தது. சிக்னலைக் குழப்பும் போனை வேறு ஜாக்கெட்டில் அணைக்காமல் வைத்திருந்தேன். பை வெளியே வர 16 நிமிடம் ஆனது. உள்ளே ஆள் இருந்திருந்தால் 10 நிமிடத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். அதற்கு மேல் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைகிறது. கிட்டே வந்ததும் முழங்காலிட்டு, கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், சிலுவைக் கோடாக மெதுவாக நகர்த்துங்கள். ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) தட்டுப்பட்ட இடத்தில் நேர்கீழே தோண்டக் கூடாது. புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் சரிவின் கீழ்ப்பக்கமாகத் தள்ளி நின்று உள்நோக்கி வெட்ட வேண்டும். வீட்டுப் பக்கத்துப் பார்க்கிலேயே பத்து முறை பழகிவிட்டுப் போங்கள்.

இனி வசந்தகாலப் பனி. வானிலை ஆப்பில் இரவு வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு ‘உறைந்திருக்கும்’ என்று நம்பியவன் நான். வானம் தெளிந்த இரவில் பனி தன் சூட்டை வெளியே விட்டு இறுகும். காற்று 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறையும். மேகம் மூடினால் போர்வை போர்த்திய மாதிரி. விடிந்ததும் மேல்தோல் மட்டும் மொறுமொறுப்பு, கீழே கூழ். வெயில் முதலில் கிழக்குச் சரிவைத் தொடும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. காலையில் குறைவாக இருக்கும் அபாயம் மதியத்துக்குள் எகிறிவிடும். கிழக்குச் சரிவுக்கு ஆசைப்பட்டால் இருட்டிலேயே ஹெட்லாம்ப் கட்டிக் கிளம்ப வேண்டியதுதான்.

எங்கள் மலை நாளில் மணி 10:40. பாறைக்கடியிலிருந்து ஈரப்பனி கைமுறுக்கு மாதிரி சுருண்டு உருண்டு வந்தது. பூட்ஸ் கணுக்கால் வரை இறங்கியது. முகட்டுக்கு இன்னும் 150 மீட்டர்தான். மேலே கார்னிஸ் (முகட்டு ஓரத்தில் காற்று சேர்த்த பனி விளிம்பு) வேறு தொங்கிக்கொண்டிருந்தது. பயிற்றுநர் திரும்பச் சொன்னார். காசு கட்டி வந்தது இதற்கா என்று எனக்குக் கடுப்பு. அரை மணியில் கீழே ஓரமாக நின்று ஸ்கீ கம்பை ஊன்றினேன். பிடி வரை உள்ளே போய்விட்டது.

ஒன்று விட்டுப்போனது: பனிச்சரிவு முன்னறிவிப்பில் வரும் அபாய அளவுகோலில் மொத்தம் 5 நிலை. 3-ஐப் பார்த்து ‘நடுத்தரம்தானே’ என்று கிளம்பாதீர்கள், மனிதர் தூண்டிவிடும் சரிவுக்கு அதிலேயே நல்ல வாய்ப்பு உண்டு. ட்ரான்ஸ்சீவரை வாடகைக்கு எடுத்தால் கடையிலேயே மூடியைத் திறந்து பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.