ஏற்காட்டில் 30 பேர் கூடும் வீடு: வேன் வாடகை, வெந்நீர், தட்டுவடை செட்

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். குடும்பமாக வேனில் போய்வந்தோம். ஏறி இறங்கியதோடு நடுவில் ஊர் சுற்றியதையும் சேர்த்தாலும் 110 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். வேன் பில்லில் இருந்தது 500 கிலோமீட்டர். மலையிலிருந்து இறங்கிய கையோடு இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கோபம் ஒரு காரணம். இன்னொரு காரணம் சந்தோஷம். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று நாலு தலைமுறையும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் போலத் தோதான இடம் பக்கத்தில் இல்லை. பணத்தையும் நேரத்தையும் எங்கே விடுவோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

வேன் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். டெம்போ டிராவலர்களைப் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் விடுகிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று போடுவார்கள். நாள் என்பது 24 மணி நேரம் இல்லை, தேதி. சனிக்கிழமை காலை ஏறி ஞாயிறு மாலை இறங்கினால் இரண்டு நாள், அதாவது 500 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 22 ரூபாய் என்று வைத்தால் 11,000 ரூபாய். ஓடிய தூரத்துக்கு மட்டும் என்றால் 2,420தான் வரும். இதற்கு மேல் ஓட்டுநர் பேட்டா, மலை ஏறுவதற்குத் தனி வாடகை. கிலோமீட்டரையும் வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும்போதே எண்ண ஆரம்பிப்பார்கள். இரண்டு நாளும் வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்பதற்குத்தான் இந்தக் காசெல்லாம். ஏற்காட்டுக்கு இந்த முறையே பொருந்தாது. ஏற ஒரு டிராப், இறங்க ஒரு டிராப் என்று தனித்தனியாகப் பேசுங்கள். வண்டி திரும்பிப்போகும் தூரத்தையும் சேர்த்துத்தான் கேட்பார்கள், கொடுத்துவிடலாம், அப்போதும் லாபம்தான். மேலே சுற்றிப்பார்க்க உள்ளூர் டாக்ஸி கிடைக்கிறது. இளவட்டங்களை சேலத்திலிருந்து அரசுப் பேருந்தில் அனுப்பினால் ஒரு வண்டியே மிச்சமாகும். ஆனால் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மேல் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் விடிகாலைப் பேருந்து.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை இருக்கும். குழந்தைகளைப் பின்சீட்டில் அடைக்காதீர்கள், வாந்தி அங்கிருந்துதான் தொடங்குகிறது. வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டப் பூரியும் ஆகாது. அடிவாரத்திலேயே கண்ணாடியைத் திறந்துவிட்டு, போனை வாங்கி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. வார இறுதியில் புதிதாக மலை ஏறுகிறவர்கள் இதை மதிப்பதில்லை, வளைவில் மூக்கை நுழைத்துவிட்டு இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்கிறார்கள். குப்பனூர், கொட்டச்சேடு வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. கொஞ்சம் சுற்றுதான், ஆனால் இத்தனை கொண்டை ஊசி வளைவுகள் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி குறிப்பவர்கள், பாதை மூடினால் முன்பணம் திரும்ப வருமா என்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் செய்தி போதும், வாய் வார்த்தை போதாது.

இப்போது வீடு. விளம்பரத்தில் "30 பேர் தங்கலாம்" என்று இருக்கும். அதற்குப் பெரும்பாலும் அர்த்தம், 4 அறையில் 8 கட்டில், மீதிப் பேருக்கு ஹாலில் மெத்தை. அது தப்பில்லை, கூடிப் படுப்பதுதானே இதன் சுகம். ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி ராத்திரியில் சிமென்ட் தரையிலிருந்து குளிர் மெத்தை வழியாக முதுகில் ஏறும். தரையில் படுப்பவருக்கு மேலே ஒரு கம்பளி, கீழே ஒரு ஜமுக்காளம் என்று எண்ணிக் கேளுங்கள். "கம்பளி இருக்குங்க" என்பதைப் பதிலாக ஏற்கக் கூடாது, எத்தனை என்பதுதான் கேள்வி. தரைத்தளத்தில் எத்தனை அறை, அதில் வெஸ்டர்ன் கழிப்பறையோடு எத்தனை, வாசலில் எத்தனை படி என்பதும் அப்படித்தான். சரிவில் கட்டிய வீடுகளில் ரோட்டிலிருந்து வாசலுக்கே 40 படி இறங்க வேண்டியிருக்கும். போட்டோவில் அது தெரியாது. கடைசி ஒரு கிலோமீட்டர் பாதையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எஸ்டேட்டுக்குள் இருக்கும் வீடு என்றால் மண் பாதை, திருப்பத்தில் சில்வர் ஓக் மரம், நடுவில் மேடு. டெம்போ டிராவலரின் பின்பகுதி அந்த மேட்டில் உரசும். ஓட்டுநர் உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் மூட்டை முடிச்சோடு பாட்டியையும் ஜீப்புக்கு மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் காசு.

இவ்வளவும் சரியாக இருந்து, வெந்நீரில் கோட்டை விட்டால் காலைப்பொழுதே பாழ். எல்லாக் குளியலறையிலும் கீசர் இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர் நன்றாகச் சூடானால், பச்சைத் தண்ணீர் கலந்து இரண்டரை வாளி குளிக்கும் பதத்தில் வரும். தீர்ந்துவிட்டால் மலைத் தண்ணீர் மறுபடி சூடாகக் கிட்டத்தட்ட 40 நிமிடம். மூன்று கீசர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 7 பேர். 30 பேர் குளித்து முடிக்க 3 மணி நேரம் ஆகிவிடும், அதுவும் ஆளுக்கு ஒரே வாளி என்றால். ஷவரைத் திறந்தால் ஒரு கீசர் ஒருவருக்குத்தான் வரும், அதனால் ஷவரை மூடி வைப்பது நல்லது. சரி, மூன்றையும் ஒரே நேரத்தில் போடலாமே என்றால் மின்சாரம் நிற்க வேண்டும். மூன்றும் சேர்ந்து 6 கிலோவாட், 26 ஆம்பியர். அதே நேரம் சமையலறையில் யாராவது கெட்டிலையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் 32 ஆம்பியர் பிரேக்கர் விழுந்துவிடும், வீடே இருட்டு. த்ரீ ஃபேஸ் இணைப்பா, கீசர்கள் வேறு வேறு ஃபேஸில் இருக்கின்றனவா என்பது மிக அவசியமான கேள்வி. இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும்தான், கீசரை இழுக்காது.

இதற்கெல்லாம் மருந்து விறகு பாய்லர். பழைய எஸ்டேட் பங்களாக்கள் சிலவற்றில் இன்னும் தாமிர பாய்லர் இருக்கிறது. அது இருக்கும் வீடு கொஞ்சம் பழசாக இருந்தாலும் அதையே எடுங்கள் என்பேன். இல்லாவிட்டால் 100 லிட்டர் அண்டா ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போய், கொல்லையில் மூன்று கல் கூட்டி, விடிகாலை 4 மணிக்குத் தீ மூட்டிவிட்டால் கீசர் பஞ்சாயத்தே கிடையாது. அந்தத் தீயைச் சுற்றித்தான் மாமன் மச்சான் எல்லோரும் காபி டம்ளரோடு நிற்பார்கள், அதைவிட நல்ல நேரம் மொத்தப் பயணத்திலும் இல்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். காய்ந்த இலைச் சருகு கிடக்கும் காபிச் செடிப் பக்கம் மூட்டவே கூடாது.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. குளியல், கழிப்பறை, சமையல், பாத்திரம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 100 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 3,000 லிட்டர். மாடியில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்று மட்டும் இருந்தால் மூன்று முறை ஏற்ற வேண்டும். மோட்டார் சுவிட்ச் எங்கே, யார் போடுவார் என்று கேர்டேக்கரிடம் வந்தவுடனேயே கேட்டு வையுங்கள். அவர் ராத்திரி வீட்டுக்குப் போய்விடுகிறவர் என்றால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் லாரித் தண்ணீர்தான் என்றால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் வாடகை பேசும்போதே பேசிவிட வேண்டும். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் வாடகையும் ஏறும், ரோட்டில் வண்டி நகராது. பள்ளி விடுமுறை என்ற கட்டாயம் இல்லாவிட்டால் ஜனவரி, பிப்ரவரிதான் என் தேர்வு. குளிரும் இருக்கும், மழையும் இருக்காது, காபிப் பழம் பறிப்பதையும் பிள்ளைகள் பார்க்கலாம்.

சாப்பாட்டை ஹோட்டலில் வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் 30 பேருக்கு ஒன்றாக உட்கார இடம் கிடைக்காது. கிடைத்தாலும் கடைசி இலைக்குச் சோறு வரும்போது முதல் ஆள் கை கழுவியிருப்பார், காசும் அதிகம். சேலத்திலிருந்து ஒரு சமையல் மாஸ்டரையும் உதவிக்கு ஓர் ஆளையும் கூட்டிப் போவதுதான் சிக்கனம். வீட்டில் இருக்கும் இரண்டு பர்னர் அடுப்பில் 30 பேருக்கு உலை வைக்க முடியாது. பெரிய இரும்பு அடுப்பு, 19 கிலோ சிலிண்டர், அண்டா, வடிதட்டு, ஜல்லிக்கரண்டி எல்லாம் வாடகைப் பாத்திரக் கடையில் கிடைக்கும். மளிகையை சேலம் லீ பஜாரிலும் காய்கறியை உழவர் சந்தையிலும் வாங்கிக் கட்டுங்கள், மேலே எல்லாம் விலை கூட.

மலையில் சமையல் கொஞ்சம் மாறும். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரமாகும். சாம்பாருக்கு 1 கிலோ துவரம்பருப்பை வேகவைக்கப் பெரிய குக்கர் கட்டாயம். இட்லி மாவு அங்கே ஆட்டினால் காலையில் பொங்கியிருக்காது. சேலத்திலேயே முந்தின நாள் சாயங்காலம் 2.5 கிலோ இட்லி அரிசிக்கு 600 கிராம் உளுந்து போட்டு ஆட்டி, புளிக்கவைத்து எடுத்துப் போங்கள், ஆளுக்கு நாலு இட்லி தாராளமாக வரும். தூக்குவாளியில் மாவைப் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். வண்டி குலுங்கக் குலுங்க மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும். பிரியாணிக்கு 4 கிலோ சீரகச்சம்பா, நாலரை கிலோ ஆட்டுக்கறி. பால்தான் எல்லோரும் குறைத்துப் போடும் கணக்கு. குளிருக்கு ஆளுக்கு மூன்று காபி என்றால் 90 டம்ளர், ஒரு நாளைக்கு 9 லிட்டராவது வேண்டும், தயிருக்குத் தனி. காபித்தூளை மட்டும் கீழேயிருந்து கொண்டுபோக வேண்டாம். ஏற்காட்டில் கொட்டையாக வாங்கி, சிக்கரி சேர்க்காமல் கண் முன்னே அரைத்து வாங்குங்கள்.

சாயங்காலத்துக்குத் தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்தது. சேலத்துக்காரர்கள் கூடும் இடத்தில் இது இல்லாவிட்டால் எனக்கு அது கூட்டமே இல்லை. ஆளுக்கு ஐந்து செட், செட்டுக்கு இரண்டு தட்டுவடை, மொத்தம் 300. பீட்ரூட் ஒன்றரை கிலோ, கேரட் ஒன்றரை கிலோ துருவி, வெங்காயம் 1 கிலோ பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து வைக்க வேண்டும். பச்சைச் சட்னிக்குக் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய். காரச் சட்னிக்கு வரமிளகாயும் பூண்டும். இரண்டும் கெட்டியாக இருக்க வேண்டும், தண்ணியாக இருந்தால் வடை ஊறிவிடும். பனிமூட்டத்தில் பத்து நிமிடம் திறந்து வைத்தாலே தட்டுவடை நமுத்துப்போகும், அதனால் மூடி இறுகும் எவர்சில்வர் சம்படத்திலேயே இருக்கட்டும். ஒருவர் சட்னி தடவ, ஒருவர் துருவல் வைக்க, ஒருவர் மூட என்று மூன்று பேர் உட்கார்ந்து, கேட்கக் கேட்கப் போட்டுக் கொடுக்க வேண்டும். மொத்தமாகச் செய்து அடுக்கினால் கெட்டது.

காசு வசூலில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடாதீர்கள், இரண்டு பேர் வந்த வீடும் ஏழு பேர் வந்த வீடும் ஒன்றாகிவிடும். பெரியவருக்கு ஒரு பங்கு, 5 முதல் 12 வயதுக்கு அரைப் பங்கு, அதற்குக் கீழே இலவசம். பெரியவர் 22, பிள்ளைகள் 6, கைக்குழந்தை 2 என்றால் 25 பங்கு. மொத்தச் செலவு 75,000 ரூபாய் வந்தால் பங்குக்கு 3,000. செலவு செய்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர் என்று வைத்தால் மனஸ்தாபம் வராது.

ஊர் சுற்றல் பற்றிச் சுருக்கமாக. ஞாயிறு மாலை ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்பது வீண், போக நினைத்தால் காலையில் திறந்தவுடன் போங்கள். கிளியூர் அருவிக்குப் படி அதிகம், முட்டி வலிக்காரர்கள் வேண்டாம், மழை முடிந்த காலம் தவிர மற்றவர்களுக்கும் வேண்டாம். சேர்வராயன் கோயிலுக்கு வண்டி மேலே வரை போகும், பெரியவர்களைத் தயங்காமல் அழைத்துப் போகலாம். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள், கூரை தாழ்வு, தலை பத்திரம். லேடீஸ் சீட்டுக்கு இருட்டும் நேரத்தில் போய், சேலத்தில் விளக்குகள் எரியத் தொடங்குவதைப் பாருங்கள். பிறகு நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள், இருட்டிய பிறகு எஸ்டேட் பாதையில் நடப்பது காட்டெருமை நடமாட்டத்தால் ஆபத்து.

கிளம்பும் நாளில் 11 மணிக்குக் காலி செய்யச் சொன்னால் 9 மணிக்கே பாத்திரம் கழுவி முடித்திருக்க வேண்டும். வந்தவுடன் எல்லா அறைகளையும், ஏற்கெனவே உடைந்திருக்கும் குழாய், விரிசல் விட்ட வாஷ்பேசின் உட்பட, வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைத்திருந்தால் டெபாசிட் முழுசாகத் திரும்பும். மின்சாரம் தனி என்றால் மீட்டர் எண்ணை வரும்போதும் போகும்போதும் போட்டோ எடுங்கள். எச்சில் இலையையும் மிச்சச் சோற்றையும் வெளியே வைத்தால் குரங்குகள் வீட்டைச் சுற்றி இறைத்துவிடும், மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். டயப்பரும் நாப்கினும் கழிப்பறைக்குள் போனால் செப்டிக் டேங்க் அடைத்துக்கொள்ளும், டெபாசிட்டில் பெரிதாகப் பிடிப்பது இதற்குத்தான். ஒவ்வொரு குளியலறையிலும் மூடி போட்ட வாளி ஒன்று வையுங்கள். கேர்டேக்கருக்குக் கொடுப்பதை அவர் கையிலேயே கொடுங்கள், வாடகையோடு சேர்த்து அனுப்பினால் அவருக்குப் போய்ச் சேராது.