பழைய கேமராக்களும் இணைய ஏலமும்: வாங்கியும் விற்றும் பார்த்ததில்

பழைய பிலிம் கேமராக்களை வாங்கி, துடைத்துச் சரிசெய்து, சில ரோல் படம் எடுத்து, ஆசை தீர்ந்ததும் விற்றுவிடுவது என் பொழுதுபோக்கு. வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் இணைய ஏலத்தில்தான். ஏலம் என்றாலே எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை விலை பாதிக் கதைகூட இல்லை. விற்பவர் எழுதிய நாலு வரியையும் போட்ட சில படங்களையும் நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதிலேயே லாப நட்டம் முடிவாகிவிடுகிறது.

வேடிக்கை பார்த்த காலம்

முதலில் எதற்கும் ஏலம் கேட்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். தேடலில் வரும் விலைகளெல்லாம் விற்பவரின் ஆசை விலைகள். அவற்றை ஒதுக்கிவிட்டு, முடிந்த ஏலங்களில் உண்மையில் விற்றுப்போன தொகையை மட்டும் ஒரு விரிதாளில் குறித்து வந்தேன். பெரும்பாலான தளங்களில் 'விற்கப்பட்டவை' என்று வடிகட்டிப் பார்க்கலாம்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35 அப்போது நல்ல பாடம். 1967-ல் அறிமுகமாகி லட்சக்கணக்கில் விற்ற கேமரா என்பதால் ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு ட்ரிப்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. காரணம் ஒரே ஒரு படம். இந்தக் கேமராவுக்கு பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலீனியம் செல்தான் வெளிச்சத்தை அளக்கிறது. தானியங்கி நிலையில் வெளிச்சம் போதாவிட்டால் ஷட்டர் பூட்டிக்கொண்டு, வியூஃபைண்டருக்குள் ஒரு சிவப்புக் கொடி எழும்பும். அதிக விலை பெற்றவர் லென்ஸைக் கையால் மூடி, அந்தக் கொடியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். செல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? மற்றவர் 'சோதிக்கவில்லை' என்று எழுதியிருந்தார்.

'சோதிக்கவில்லை' என்றால்

இந்த ஒரு சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'பிலிம் இல்லாததால் சோதிக்க முடியவில்லை' என்பது சாக்கு. ஷட்டரைப் பார்க்க பிலிம் தேவையே இல்லை. பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்தினால் போதும். உள்ளே எண்ணெய் காய்ந்திருந்தால் மெதுவான வேகங்களில் ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடும். பழைய கேமராக்கள் பத்துப் பதினைந்தை ஒரே கணக்கில் விற்கிற ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் தாத்தாவின் அலமாரியைக் காலிசெய்கிறவர் அதே சொல்லை எழுதினால், அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஆகவே சொல்லைவிட அதைச் சொல்கிறவரின் மற்ற பட்டியல்களைப் பார்க்கிறேன். அலமாரிக்காரரிடம் கேட்பேன், வியாபாரியிடம் என்றால் பழுதான பொருளுக்கு உண்டான தொகைதான் என் வரம்பு.

ஜப்பானிய விற்பனையாளர்கள் 'ஜங்க்' (குப்பை) என்று போடுவது இதில் இன்னும் நேர்மையான வகை. திருப்பி எடுக்கமாட்டேன், எதற்கும் பொறுப்பில்லை என்பது முதலிலேயே தெளிவு. அப்படி வந்தவற்றில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை மட்டும் இற்றுப்போனவையும் உண்டு. மிரர் அசையாதவையும் உண்டு.

படங்களில் நான் தேடுவது, இல்லாத படத்தை. லென்ஸின் முன்பக்கம் ஐந்து கோணங்களில் பளபளக்கிறது, ஆனால் பின்னாலிருந்து டார்ச் அடித்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான். வலைபோலப் படரும் பூஞ்சையும் பனிமூட்டம் போன்ற படலமும் அந்த வெளிச்சத்தில்தான் அகப்படும். அதேபோல பேட்டரி அறையின் மூடியைத் திறந்து காட்டாத படம். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குப் போகும் கம்பிவரை அரித்திருக்க வாய்ப்புண்டு. 1960, 70-களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அந்த பேட்டரிகள் இன்று விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டுவிட்டு 'மீட்டர் வேலை செய்கிறது' என்று எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. முள் அசைகிறது, அவ்வளவுதான். காட்டும் அளவு சரியா என்பது வேறு கேள்வி.

கேள்வி அனுப்பினால் 'ஒரு நொடி வேகத்தில் ஷட்டர் தானாக மூடுகிறதா?' என்பது போல, ஆம் இல்லை என்று பதில் வருகிற ஒன்றை மட்டும் கேட்கிறேன். 'நல்ல நிலையில் இருக்கிறதா?' என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? பதில் தளத்தின் செய்திப்பெட்டியிலேயே வர வேண்டும். பிறகு தகராறு வந்தால் அதுதான் கையில் இருக்கும் ஆவணம்.

கேட்கும் கலை

'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று கூவி முடிக்கும் ஏலத்தில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கும்வரை சுத்தி விழாது. இபே போன்ற தளங்களில் கடிகாரம் முடிந்தால் முடிந்ததுதான். இந்த ஒரு வித்தியாசம் கேட்பவர்களின் நடத்தையையே மாற்றிவிடுகிறது.

அங்கே நாம் எழுதுவது நம் உச்ச வரம்பை. தளம் நமக்காகத் தேவையான அளவே ஏற்றும். அடுத்தவரின் வரம்பு 100, என்னுடையது 150 என்றால் 100-க்கு மேல் ஒரு படி கொடுத்தால் போதும். வென்றவர் இரண்டாமவரின் விலையைக் கட்டினால் எல்லோரும் தங்கள் உண்மையான மதிப்பையே எழுதுவார்கள் என்று பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961-லேயே காட்டியிருந்தார். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கணக்குப்படி முதல் நாளே வரம்பை எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம்.

நடைமுறையில் யாரும் தூங்குவதில்லை. பொருளியல் அறிஞர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஆக்கென்ஃபெல்ஸும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், நேரம் நீளாத இபே ஏலங்களில் கடைசி நேர ஏலக் கேள்விகள் குவிவதையும், கேள்வி வந்தால் நேரம் நீண்ட, அன்று இருந்த அமேசான் ஏலங்களில் அது குறைவதையும் காட்டினார்கள். எனக்கு அதைவிட ருசித்தது இன்னொன்று: இபேயில் கணினிகளைவிடப் பழம்பொருட்களில்தான் இந்தக் கடைசி நேரக் கூட்டம் அதிகம். பழம்பொருளில் அறிவுக்கு விலை உண்டு. விவரம் தெரிந்தவர் முன்கூட்டியே கேட்டால், 'இவரே கேட்கிறார் என்றால் இதில் ஏதோ இருக்கிறது' என்று மற்றவர்களும் நுழைவார்கள். அதனால் தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை. கேமராவிலும் இதே கதைதான். நானும் கடைசி சில நொடிகளில்தான் கேட்கிறேன். ஆனால் தொகை முன்பே தாளில் எழுதியாயிற்று. போட்டியின் சூட்டில் அதைத் தாண்டுவதில்லை.

தொகையை முழு எண்ணில் நிறுத்தாமல் சில்லறை சேர்த்து எழுதுவது பழக்கமாகிவிட்டது. பலரும் முழு எண்ணில் நிற்பதால் அந்தச் சில்லறைக்காகவே வென்ற லென்ஸ்கள் உண்டு. அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் என் வரம்பு. பொருளுக்கு அடிமாட்டு விலை போட்டு, அனுப்பும் செலவில் வசூலிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜப்பானின் யாகூ ஏலத்தில் விற்பவர் தானாக நீளும் வசதியை வைத்திருந்தால், கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு ஏலக் கேள்வி வந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம் கூடும். அங்கே நொடிக்கணக்கு எடுபடாது, பொறுமைதான். எனக்குப் பொறுமை போதாது என்பதால் அங்கே வரம்பை முன்பே எழுதிவிட்டு எழுந்துபோய்விடுகிறேன்.

வென்ற பிறகு ஒரு கசப்பு வரும். 1971-ல் எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் இதைத்தான் விளக்கினார்கள். மதிப்பு நிச்சயமில்லாத பொருளுக்கு ஆளாளுக்கு மதிப்பிடும்போது, வெல்பவர் பெரும்பாலும் அதிகமாக மதிப்பிட்டவரே. 'வென்றவரின் சாபம்' என்பார்கள். படங்கள் மங்கலாக இருக்கும் ஏலத்தில் இதன் கடி அதிகம். ஆகவே விவரம் குறையக் குறைய என் வரம்பையும் இறக்குகிறேன்.

கவனித்த தில்லுமுல்லுகள்

ஒரே விற்பனையாளரிடம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருமுறையும் வெல்லாத கணக்கு பெரும்பாலும் அவருடைய ஆள். விலையேற்றுவதுதான் வேலை. இன்னொன்று நுட்பமானது: ஒருவர் மிகப் பெரிய தொகையைக் கேட்டு நம் வரம்பு என்ன என்பதை வெளியே கொண்டுவந்துவிட்டு, 'தட்டச்சுப் பிழை' என்று தன் ஏலக் கேள்வியைத் திரும்பப் பெறுவார். பிறகு நம் வரம்புக்குச் சற்றுக் கீழே புதிய கணக்கு ஒன்று வந்து நிற்கும். கடைசி நொடியில் கேட்டால் இந்த ஆட்டத்துக்கு இடமே இல்லை.

தோற்ற ஏலத்துக்குப் பிறகு 'வென்றவர் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறேன்' என்று மின்னஞ்சல் வரும். இப்படி ஒரு வசதி உண்மையிலேயே உண்டு. ஆனால் உண்மையானது தளத்தின் கணக்குக்குள்ளேயே தெரியும். வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டியதுதான். வெளியே போன பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

விற்கும் பக்கம்

வாங்கும்போது நான் தேடிய படங்களையெல்லாம் விற்கும்போது நானே எடுத்துப் போட ஆரம்பித்தேன். முதலில் விற்றது ஒரு கேனன் ஏஇ-1. ஷட்டர் அழுத்தும்போது கீச்சென்று இருமுவது போன்ற ஒலி இந்த வகையில் பிரசித்தம். மிரர் இயக்கத்தில் எண்ணெய் காய்ந்ததன் அடையாளம். அதைத் தலைப்பிலேயே எழுதினேன். கேட்டவர்கள் குறையவில்லை, முடிவான விலை, குறை எதுவும் சொல்லாமல் அந்த வாரம் விற்ற பலவற்றைவிட மேலே நின்றது. இருமலைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவர்தான் வாங்கினார். சொல்லப்பட்ட குறைக்கு அவர் கணக்குப்போட்டுக் கழித்துக்கொள்கிறார். சொல்லாத கேமராவில் எவ்வளவு கழிப்பது என்று தெரியாமல் நிறையக் கழித்துவிடுகிறார் போலும்.

தொடக்க விலையைக் குறைவாக வைத்தால் ஆட்கள் சேர்கிறார்கள் என்பது பிரபலமான மாடல்களுக்கு உண்மை. அரிய துணைக்கருவிகளுக்கு அது ஆபத்து. தேவைப்படுகிற இரண்டு பேரில் ஒருவர் அந்த வாரம் ஊரில் இல்லாவிட்டால் போச்சு. அவற்றை நிலையான விலைக்கே போடுகிறேன். கமிஷனைப் பொருளின் விலைக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடும் தளங்கள் உண்டு.

பார்சல் எடையோடு அளவையும் பார்க்க வேண்டும். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வரும் கிலோவையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கு வசூலிக்கின்றன. 40, 30, 20 அளவுள்ள பெட்டி கணக்கில் 4.8 கிலோ, உள்ளே ஒரு கிலோ கேமரா இருந்தாலும். சிறிய பெட்டிக்குள் இறுக்கமாக வைத்து, அதை இன்னொரு பெட்டிக்குள் வைக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன்.

அனுப்பும் முன் வரிசை எண் தெரியும்படி படம். ஒருமுறை 'பழுது' என்று திரும்பி வந்த பெட்டிக்குள் இருந்தது அதே மாடல், வேறு எண். படத்தை இணைத்து அனுப்பியதும் தளம் என் பக்கம் தீர்த்தது. 2008 முதல் இபேயில் விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறைப் பின்னூட்டம் தர முடியாது. எனவே வாங்குபவரின் மதிப்பெண் 100 விழுக்காடு என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

இப்போது மேசையில்

சூப்பர் டகுமார் 50 மிமீ எஃப்1.4 லென்ஸ். கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்த கண்ணாடி உள்ளதால் பல ஆண்டுகளில் மஞ்சளேறும் வகை. விற்பவர் 'கண்ணாடி தெளிவு' என்று எழுதியிருந்தார். வெள்ளைத் தாளின் மேல் வைத்த படம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டது. அதனால் கேட்டவர் குறைவு, விலையும் குறைவு. புற ஊதா எல்இடி விளக்கின் கீழ் வைத்திருக்கிறேன்; மஞ்சள் மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது. விற்கும்போது முன்பும் பின்பும் எடுத்த படங்களோடு, லேசான கதிரியக்கம் உண்டு என்ற வரியையும் சேர்க்கப்போகிறேன். அந்த வரியால் எத்தனை பேர் பின்வாங்குவார்கள் என்று பார்க்க வேண்டும். அதே வகை லென்ஸ்களின் விற்ற விலைகளை விரிதாளில் இப்போதே குறித்துவைத்திருக்கிறேன், ஒப்பிட.