குட்டைக் குழாய் ஹெடரும் ஒரு பழைய மஸ்டாங்கும்

2024 மார்ச் 9, சனி, ஃப்ரீமான்ட்

ஹெடர் வந்து சேர்ந்துவிட்டது, அதாவது எஞ்சின் சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்க் கூட்டம். பெட்டியைப் பிரித்ததும் கண் தேடியது ஒரு சின்னத் தகட்டைத்தான். கலிஃபோர்னியா காற்று வள வாரியம் கொடுத்த விலக்கு எண், அதாவது இந்த மாற்று உதிரியை மாட்டலாம் என்ற அனுமதி எண், அதில் பொறித்திருக்க வேண்டும். இருக்கிறது. அந்த எண் இல்லாத ஹெடரை மாட்டினால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் புகைப் பரிசோதனையில், கண்ணால் பார்க்கும் கட்டத்திலேயே தோல்வி.

வண்டி 1990 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் போர்ஷே வைத்திருக்கும் அலுவலக நண்பர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ‘5.0’ லிட்டர் என்ற பெயரும் முழு உண்மையில்லை. எஞ்சின் 4,942 கன சென்டிமீட்டர், அதாவது 4.9தான். ஆனால் எட்டு சிலிண்டர் வி8. நிமிடத்துக்கு 4,200 சுழற்சியில் 225 குதிரைத்திறன். மிதியைத் தொட்டாலே முதுகு இருக்கையில் ஒட்டும்.

‘வண்டி நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது?’ என்று கேட்டாள் மனைவி. இதற்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஏன் நீளக் குழாய் ஹெடர் வாங்கவில்லை என்று கேட்கிறார்கள். எழுதிவிடுகிறேன்.

வெளியேற்று வால்வு திறந்ததும் குழாயில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. நான்கு குழாய்களும் கூடும் இடத்தை அது தொடும்போது, அங்கிருந்து ஒரு குறையழுத்த அலை எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்துவிட்டால், சிலிண்டரில் தங்கிய மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். குழாய் நீளமாக இருந்தால் அலை போய்வர நேரமாகும். ஆகவே இந்த உதவி குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கிறது. தெருவில் ஓட்டுகிறவனுக்கு அதுதான் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நீளக் குழாய் போட்டால் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்கள் இருந்த இடம் பறிபோகிறது. இடம் மாறினால் அனுமதி போச்சு. பந்தயத் திடலில் மட்டும் ஓடும் வண்டி என்றால் அது வேறு கதை. குட்டைக் குழாய் ஹெடர், பழைய ஹெடர் இருந்த அதே இடத்தில், இரு பக்கப் புகையையும் இணைக்கும் அதே எச் வடிவக் குழாயோடு பொருந்திவிடும். லாபம் சிறிதுதான், தெரிந்தே வாங்கினேன். புகை தடையில்லாமல் வெளியேறுவது ஹெடரின் வேலை, சத்தம் போட்டு ஊரைக் கூட்டுவது மாற்று சைலன்சரின் வேலை. இரண்டாவதில் எனக்கு ஆர்வமில்லை.

மார்ச் 16, சனி

காலையிலேயே வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பேட்டரி இணைப்பு, பிறகு எட்டு ஸ்பார்க் பிளக்குகள் என்று கழற்றினேன். பிளக்கை விட்டுவைத்தால் ஹெடரை வெளியே எடுக்கும்போது பீங்கான் உடையும். எச் குழாயில் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் கம்பிகளையும் பிரித்துவிட்டேன். போல்ட்டுகளுக்கு வாரம் முழுக்க துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி வந்தேன். இடது பக்கம் எல்லாம் சமர்த்தாகக் கழன்றன.

வலது பக்கம் பின்கோடி போல்ட். ஃபோர்டு கணக்கில் நான்காம் சிலிண்டர். இந்த வண்டி முதல் பத்தாண்டை ஒஹாயோவில் கழித்தது. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். சாக்கெட்டை வைத்து மெதுவாக அழுத்தினேன். முதலில் இளகியதுபோல் ஒரு வழுக்கல். அடுத்த கணம் தலை மட்டும் சாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. தண்டு வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. பார்க்க ஏதுவாக விரல்நக அகலம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். நும்மி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜிஎம்மும் டொயோட்டாவும் கூட்டாகத் தொடங்கி 2010இல் மூடப்பட்ட ஆலை; அதே கட்டடத்தில்தான் இப்போது டெஸ்லா. துளையிட்டு எடுக்கலாமா என்று கேட்டேன். சாய்ந்த இடத்தில் கைத்துளைப்பான் விலகினால் ஹெட்டே பாழ், வெல்டிங் ஆளைக் கூப்பிடு என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டுக்குள் போய்விட்டார்.

பழைய ஹெடரைத் திருப்பிப் பார்த்தேன். குறுகலான எஞ்சின் அறையில் இடம் வேண்டி அங்கங்கே குழாயை நசுக்கியிருக்கிறார்கள். புதியதில் குழாய் 1.625 அங்குலம், ஒரே சீராக உருண்டை.

மார்ச் 21, வியாழன்

வெல்டிங்காரர் மாலையில் வந்தார். நின்ற தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாகவே பற்றவைத்தார். தண்டு செக்கச் சிவந்தது. அவசரப்படாமல் சிவப்பு அடங்கும்வரை காத்திருந்தார். சூட்டில் விரிய முயன்று, இடமில்லாமல் நெரிந்த தண்டு, ஆறும்போது சற்றே சுருங்கித் துருவின் பிடியை விடுகிறது. பிறகு ஸ்பேனரை வைத்து அரைக் கால் சுற்று முன்னே, அரைக் கால் சுற்று பின்னே. கிறீச்சென்று ஓர் ஒலி, தண்டு வெளியே. மரையில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் கேட்ட கூலி குறைவு என்றே நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட வேலையில் ‘எல்லாம் நானே’ என்று பிடிவாதம் பிடிப்பதில் பெருமை எதுவும் இல்லை.

மார்ச் 23, சனி

கசிவை அடைக்கும் பல அடுக்கு எஃகு கேஸ்கட், புதுப் போல்ட்டுகள், நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் படிப்படியாக முடுக்கல். மதியம் எஞ்சினைக் கிளப்பியதும் ஹெடரிலிருந்து வெண்புகை. என் கையிலிருந்து ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கும் பூச்சும் எரிகிற புகை, சிறிது நேரத்தில் நின்றுவிட்டது.

ஆனால் வலது பக்கம் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடானதும் மறைந்தது. உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான், கசிவு கசிவுதான். இதைச் சும்மா விட முடியாது. சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் புகைத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் ‘ஆக்சிஜன் மிகுதி’ என்று பொய் சொல்ல, கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிவிடும். கார்பன் மோனாக்சைடு ஏறும், பரிசோதனையும் போகும். எஞ்சின் ஆறியபின் மறுபடி முடுக்கினேன். சத்தம் போய்விட்டது.

குரல் மாறியிருக்கிறது, அடித்தொண்டை சற்றுத் திறந்திருக்கிறது. இந்த எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-3-7-2-6-5-4-8. ஒன்று முதல் நான்கு வரை வலது பக்கம், மற்றவை இடது. ஆகவே ஒன்றும் மூன்றும் வலது பக்கத்திலேயே அடுத்தடுத்து வெடிக்கின்றன, பிறகு ஆறும் ஐந்தும் இடது பக்கத்தில். ஒவ்வொரு பக்கக் குழாயிலும் தாளம் சீராக விழுவதில்லை. அமெரிக்க வி8இன் அந்தத் தடதடப்பு இந்த ஒழுங்கீனத்திலிருந்து பிறப்பது. ‘குறட்டை மாதிரி இருக்கிறது’ என்றாள் மனைவி. யாருடைய குறட்டை என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, சனி

புகைப் பரிசோதனை. 2000க்கு முந்தைய மாடல் வண்டி என்பதால் உருளைகள் மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓட்டி அளந்தார்கள். ஸ்பார்க் பிளக் பொறி விடும் பற்றவைப்பு நேரம் 10 டிகிரியில் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இழுவைக்காக அதை முன்னுக்குத் தள்ளி வைப்பவர்கள் உண்டு, நான் தொடவில்லை. பரிசோதகர் டார்ச்சும் கண்ணாடியுமாகக் குனிந்து, ஹெடர் தகட்டில் இருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் கணினியில் தட்டினார். ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு மூன்றும் வரம்புக்குள். தேர்ச்சி.

வேகம் கூடியதா என்று அலுவலக நண்பர் கேட்டார். மேல் சுழற்சியில் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது, சுழற்சிமுள் 4,500ஐத் தாண்டியும் சோர்வில்லாமல் ஏறுகிறது என்றேன். திறன் அளக்கும் டைனோ கருவியில் ஏற்றி அளக்காமல் எண் சொல்ல நான் தயாரில்லை. சைலன்சரையும் மாற்றச் சொல்கிறார். இந்த மாநிலத்தில் வரம்பு 95 டெசிபல். சட்டம் இடம் கொடுத்தாலும் எங்கள் தெரு கொடுக்காது. அடுத்த வாரம் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும், பிறகு பின்சக்கர பிரேக்.