இருவர் பெயரில் வீடு, இருவர் பெயரில் கடன்

மனமொத்த விவாகரத்துக்கு மனுச் செய்வதென்று முடிவெடுத்தபோது, நகை முதல் குழந்தையின் பள்ளிக் கட்டணம் வரை பேசித் தீர்த்துக்கொண்ட என் தங்கையும் அவள் கணவரும், சென்னைப் புறநகரில் இருவர் பெயரிலும் வாங்கியிருந்த அடுக்குமாடி வீட்டை மட்டும் தீர்ப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். முதலில் பேசியிருக்க வேண்டியது அதைத்தான் என்று நான் வற்புறுத்தினேன்.

கணவனும் மனைவியும் நீதிமன்றத்தில் செய்துகொள்ளும் உடன்படிக்கை, அதில் தரப்பாக இல்லாத வங்கியைக் கட்டுப்படுத்தாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, சேர்ந்து கடன் வாங்கியவர்களில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். இனி தவணையைக் கணவரே கட்டுவார் என்று எழுதி வாங்கியிருந்தாலும், அவர் தவறும் மாதத்தில் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாளா என்பதைக் காட்டும் தங்கையின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே இறங்கும். நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகி, 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வீட்டை ஏலம் விடும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம்.

பங்கு கணக்கிடும்போது இருவருமே "இவ்வளவு கட்டியிருக்கிறேன்" என்றுதான் ஆரம்பித்தார்கள். 40 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 36,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 21 லட்சத்துக்கு மேல் கட்டிய பிறகும் அசலில் குறைந்திருப்பது நாலரை லட்சம்தான். ஆகவே பிரிப்பதற்கு இருப்பது கட்டிய தொகையன்று. இன்றைய விற்பனை மதிப்பிலிருந்து பாக்கிக் கடனைக் கழித்தால் மிஞ்சுவது மட்டுமே. அதில் யாருக்கு எவ்வளவு என்பதற்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு வழிசொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அவரவர் போட்ட பணத்தின் விகிதம், அதற்குச் சான்று இல்லையென்றால் சரிபாதி. முன்பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதைக் காட்டும் பழைய வங்கி அறிக்கைகளை அதனால்தான் தேடி எடுக்கச் சொன்னேன்.

மாப்பிள்ளைக்குக் கிரெடிட் கார்டு பாக்கியும் தனிநபர் கடனும் இருந்தன. அவற்றுக்குத் தங்கை பொறுப்பல்ல. ஆனால் கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்து வென்றால் வீட்டில் மாப்பிள்ளைக்குள்ள பங்கை ஜப்தி செய்ய முடியும் என்பதால், தாமதம் அவளுக்கும் ஆபத்தாகவே இருந்தது.

வீட்டைத் தங்கையே வைத்துக்கொள்வதானால், அவளுடைய சம்பளம் மட்டும் முழுத் தவணையையும் தாங்கும் என்று வங்கி ஏற்று, இணைக் கடனாளி என்ற நிலையிலிருந்து அவரை எழுத்து மூலம் விடுவிக்க வேண்டும். தாங்காது என்றால் விற்றுக் கடனை அடைப்பதே நல்லது. வீட்டின் மீதுள்ள பாசத்துக்காகத் தனிநபர் கடன் வாங்கிப் பங்கை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வங்கி ஒப்புக்கொண்ட பிறகு, அவர் தன் பங்கைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்கிடையிலான விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது. தீர்ப்பு வந்துவிட்டால் அவர்கள் கணவன் மனைவி அல்லர், சலுகையைக் கேட்பதே சிக்கலாகும். இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆ பிரிவு மனமொத்த விவாகரத்தின் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே வைத்திருக்கும் ஆறு மாத இடைவெளியை வழக்கறிஞர்கள் பெரும்பாலும் தள்ளுபடி செய்யக் கேட்கிறார்கள். 2017 முதல் உச்ச நீதிமன்றமும் அதற்கு இடம் தந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, வங்கியில் முடிக்க வேண்டிய வேலைக்கு அந்த ஆறு மாதமும் தேவைப்பட்டது.